போறேன்

ஆந்தை என்ற பட்டப்பெயர் அவளுக்கு மூக்குக்கண்ணாடியால் வந்தது. அறைத்தோழிக்கு வாயாடி என்ற பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் டாக்டர்கள். இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு, இதய சிகிச்சை மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள். இருப்பதோ ஒரே இடம். மதிப்பெண்ணில் இருவரும் சமம் என்பதால், ‘மறக்க முடியாத நோயாளி’ என்ற கூடுதல் கட்டுரைதான் தலையெழுத்தை முடிவு செய்யும்.

ஆந்தை ஒரு லாரி டிரைவரைப் பற்றி எழுதியிருந்தாள். வார்டை விட்டுக் கிளம்பும் எல்லோரும் ‘போயிட்டு வரேன்’ என்பார்கள். அவர் மட்டும் ‘போறேன்’ என்றார். “இங்க எதுக்கும்மா திரும்பி வரணும்?” கட்டுரையின் உயிரே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், திறந்து வைத்திருந்த லேப்டாப் மூடிக் கிடந்தது. வாயாடி கட்டிலில் காலாட்டியபடி விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் கட்டுரையில யாருடி?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“பொய் சொன்னா உன் கண்ணாடி மூக்குல இறங்குது, பாத்துக்கோ.”

அந்த விசில்கூட ஆந்தைக்குத் திருட்டு விசிலாகப் பட்டது. வாயாடி டியூட்டிக்குப் போனதும் ஒரு பொறி வைத்தாள். ‘போறேன்’ என்பதை அழித்து ‘போயிட்டு வரேன்’ என்று மாற்றினாள். இதைக் காப்பியடித்தால் கையும் களவுமாகச் சிக்குவாள்!

மறுநாள் மனம் கேட்கவில்லை. அவள் முந்திக்கொண்டால்? உடனே கட்டுரையை அனுப்பிவிட்டாள்.

அன்று மாலை வாயாடியே தன் கட்டுரையை நீட்டினாள். “பிழை இருந்தா சொல்லுடி.”

ஆந்தை ஒவ்வொரு வரியாகத் துழாவினாள். லாரியும் இல்லை, டிரைவரும் இல்லை. மாத்திரையை விழுங்கியதாக நடித்து, தினமும் வாயாடியின் கோட்டுப் பையிலேயே போட்டுவிட்ட ஒரு தையல்காரியின் கதை அது. சிரிப்பு வந்தது, நன்றாகவும் இருந்தது.

“நேத்து என் லேப்டாப்பை ஏன் மூடினே?”

“சார்ஜர் எடுத்தேன். ஏன்?”

தான் வைத்த பொறி ஆந்தைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அனுப்பிய பிரதியைத் திறந்தாள். ‘எல்லோரும் போயிட்டு வரேன் என்பார்கள். அவர் மட்டும் போயிட்டு வரேன் என்றார்.’

அனுப்பியதைத் திருத்த வழியில்லை.

வாயாடி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

“எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா பிடிச்சிருப்பேனேடி.”

ஆந்தையின் கண்ணாடி மெல்ல மூக்கில் இறங்கியது. “நீ பிஸியா இருப்பேன்னு நினைச்சேன்,” என்றாள்.