ஒன்பது குழுக்கள் பார்த்த கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அதைச் சொல்ல இரண்டு வினாடிதான் ஆனது. எழுத மூன்று வாரமாகிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கோடை வெயில் மைதானத்தின் மீது உருகி வழிந்து..." வேண்டாம். வெயில் அடித்தது, அவ்வளவுதான். அடுத்து "இசை என்பது மனிதனை" என்று எழுதிவிட்டு, மனிதனை அது என்ன செய்யும் என்று தெரியாமல் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். பிறகு வந்து எழுதியது இது:

அன்று இசை விழாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்பது குழுக்களைப் பார்த்தோம்.

இது இருக்கட்டும். எண் ஒன்று கிடைத்தால் நீங்கள் சட்டென்று நம்பிவிடுவீர்கள்.

2

பார்த்தோம் என்றால், மூன்று பேர். பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு கதை எழுதுகிற நான். எங்களில் நான்காவது ஆள் கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அதனால் அந்தப் பெயர்.* நாற்பத்திரண்டு வயதில் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஒரு குழுவில் பாடகனாகச் சேர்ந்தான். அன்று அவனுக்கு முதல் மேடை. ஓரத்தில் ஒரு சின்னக் கூடாரம், மதியம் இரண்டேகால் மணி. இரண்டு மாதமாக எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மேடைக்கு முன்னாடி வந்து நில்லுங்கடா. தெரிஞ்ச மூஞ்சி இருந்தா கை நடுங்காது."

(* என் கதைகளை முதலில் படிப்பவனும் அவன்தான். நடை, உத்தி எதையும் சட்டை செய்ய மாட்டான். சிவப்புப் பேனாவோடு எண்களை மட்டும் சரிபார்ப்பான். "மூணாம் பக்கத்துல நாலு பேரு உக்காந்திருக்காங்க, அஞ்சாம் பக்கத்துல அஞ்சு டீ வருது. யாருடா அந்த அஞ்சாவது ஆளு?" இருபது வருடமாக இப்படித்தான்.)

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பெரிய மேடைக்கு எதிரே நாங்கள் விரிக்கும் பெட்ஷீட்டை ஆள் இல்லாமல் விடக் கூடாது. ஒரு வருடம் அப்படி விட்டுப் போய்த் திரும்பினால், அதில் ஒரு குடும்பம் கைக்குழந்தையைத் தூங்கவைத்திருந்தது. தூங்குகிற குழந்தையை யார் எழுப்புவது? அன்று முழுக்க நின்றே பார்த்தோம்.

ஆகவே இரண்டு மணிக்கு நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்: "நீங்க ரெண்டு பேரும் போங்க. பெட்ஷீட்டை நான் பாத்துக்கறேன்."

"அதெப்படி?" என்றான் டாக்டர். "அவன் உன்னைத்தான் முதல்ல தேடுவான். நீ போ, நான் இருக்கேன்."

"டேய், நாள் பூரா ஒரே இடத்துல நிக்கறது எனக்குத்தான்டா பழக்கம்" என்றான் லிஃப்ட். "ரெண்டு பேரும் கிளம்புங்க."

"உன்னை இந்த வெயில்ல விட்டுட்டா?" என்றேன்.

"ஏன், நீ மட்டும் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போக?"

"சரி, நான் போறேன்" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூன்று பேரும் விட்டுக்கொடுத்தோம், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு முப்பத்தைந்து.

"இப்பப் போனா பாதியில நுழைஞ்ச மாதிரி இருக்கும். அவனுக்குத்தான்டா அவமானம்."

அவனுடைய மானத்தைக் காப்பாற்ற அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

4

(மூன்றாம் பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் கணக்கை மோசமான பாடகனாக எழுதியிருந்தேன். அவன் சுருதி விலகினால் என் குற்றம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை. உண்மை என்னவென்றால், எங்கள் மூவருக்கும் பயம். அவன் சொதப்பிவிட்டால் முகத்துக்கு நேரே பொய் சொல்ல வேண்டிவருமே என்றுதான் போகவில்லை. சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.)

மூன்றரைக்கு வந்தான். முதுகில் கிதார், சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களாடா?"

டாக்டர் நிகழ்ச்சி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தான். லிஃப்ட் ஷூ லேஸைக் கட்டினான். கதை எழுதத் தெரிந்தவன் நான்தானே?

"பாக்காம? பின்னாடி நின்னோம், செம கூட்டம். அந்த மூணாவது பாட்டு இருக்கே, அடேயப்பா!"

கரும்பலகையில் பையன் போட்ட விடையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"மூணாவதா?"

"மூணாவதேதான்."

"அப்படியா" என்றான். கிதாரை இறக்கி வைத்து பெட்ஷீட்டில் உட்கார்ந்தான். "நீங்க மூணு பேரும் காலையிலேர்ந்து இங்கயே இருக்கீங்க. போய்ச் சுத்திட்டு வாங்க. இதை நான் பாத்துக்கறேன்."

போனோம். மூன்று பேருமே போனோம்.

5

இரண்டு நாள் கழித்து லிஃப்ட் ஒரு வீடியோ அனுப்பினான். யாரோ எடுத்து இணையத்தில் போட்டது. மொத்தமே ஏழு நிமிடம். கூடாரத்தில் பதினான்கு பேர், அதில் ஒருவர் தூங்குகிறார். கணக்கு பாடுகிறான். நன்றாகவே பாடுகிறான். முதல் பாட்டு முடிந்ததும் கரண்ட் போகிறது. அதற்குப் பிறகு பாட்டே இல்லை. மேடை ஆட்கள் வயர்களைச் சுருட்ட வருகிறார்கள். அவன் நெற்றியில் கையை வைத்து வாசலைப் பார்க்கிறான். மைக் இல்லாமல் கத்துகிறான்:

"கொஞ்சம் பொறுங்க சார். என் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரு வரணும்."

6

இப்போது முடிவு. நான் போன் செய்து மன்னிப்புக் கேட்கிறேன், அவன் "விடுடா" என்று சிரிக்கிறான்: எழுதிப் பார்த்தேன், எனக்குச் சாதகமாக இருந்தது. அவன் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறான்: அதுவும் சாதகம்தான், தண்டனை கிடைத்துவிட்டால் நிம்மதி. அடுத்த வருடம் நாங்கள் மூவரும் முதல் வரிசையில்...

இல்லை. நடந்தது இதுதான்: நேற்று அவன் வழக்கம்போல் வீட்டுக்கு வந்து, "புதுசா ஏதாவது எழுதியிருக்கியா?" என்று கேட்டான். நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், ஒரு வாசகனுக்குத்தான் கொடுக்க முடியும்.

டேய் கணக்கு, முதல் பகுதியில் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன். எட்டுதான். உன்னுடையதையும் சேர்த்து எழுதிவிட்டேன். இருபது வருடத்தில் என் தப்புகளில் நீ திருத்தாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த மூன்றாவது பாட்டு. இதையும் அப்படி விட்டுவிடாதே. பேனாவை எடு.