எண்ணாத கை

வலது தோள்பட்டை வீங்கிக் கிடந்தது. கையைத் தூக்கினால் கழுத்து வரைக்கும் சுண்டி இழுத்தது. மத்தியானக் கூழை இடது கையால் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் பாஞ்சாலை கூட்டத்துக்கு வந்திருந்தாள். பாறையில் சம்மட்டி அடித்த தோள்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டிய அந்தத் தெருவுக்குக் குழாய் வரப்போகிறது. எண்பத்திரண்டாம் வருஷ வறட்சியில் கிணறுகள் வற்றியபோது தெருச் சங்கம் கூடிப் போட்ட திட்டம். பைப்பு யூனியன் ஆபீசில் கொடுப்பார்கள். டேங்கிலிருந்து பள்ளம் வெட்டுவது தெருவின் பாடு. வீட்டுக்கு ஒரு பங்கு என்று கயிறு பிடித்து அளந்தார்கள். பாறை ஓடிய இடத்தைப் பாஞ்சாலை தலையில் கட்டினார்கள்.

"நீ கல்லொடைக்கிறவதான, உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார் சங்கத் தலைவர் கண்ணாயிரம். அவளும் உடைத்தாள்.

பள்ளம் முடிந்தது. குழாயை எங்கே நிறுத்துவது என்றுதான் இன்று ஓட்டு. மேலண்டையில் மாரியம்மன் கோயில் முன்னால் வைத்தால் கண்ணாயிரத்தின் டீக்கடைக்கு வசதி. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். கீழண்டையில் பனைமரத்தடியில் வைத்தால் கல்லுடைக்கிற வீடுகளுக்கு. அந்த வீட்டுப் பெண்கள் இப்போது அடுத்தவன் பம்புசெட்டில் திட்டு வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறார்கள். பாஞ்சாலையின் மகள் ரேணுகாம்பாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அம்மா கல்லுக்குப் போனபிறகு அவள்தான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் குடம் சுமக்கிறாள். நேற்று வழுக்கி உட்கார்ந்தாள். குடம்தான் போயிற்று. அடுத்த முறை எது போகுமோ.

"கோயிலாண்ட வேணும்ன்றவங்க கையத் தூக்குங்க."

கண்ணாயிரம் எண்ணினார். பன்னிரண்டு.

"பனமரத்தாண்ட?"

பாஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையையே தூக்கினாள். கண் இருட்டியது. கண்ணாயிரத்தின் விரல் அவள் கொழுந்தன் இருசப்பன்மேல் நின்று, அவளைத் தாண்டி, அந்தப்பக்கம் முருகையனுக்குப் போயிற்று.

"பதினொண்ணு. கோயிலாண்டதான்."

"யண்ணா, என் கைய உட்டுட்ட."

"உடல. தலைக்கட்டுக்கு ஒரு ஓட்டு. உன் புருஷன் காசி செத்தப்புறம் உன் வீடு தலைக்கட்டுல கெடையாது. ஆம்பள இல்லாத வீடுன்னு கோயில் வரி வாங்கறமா உங்கிட்ட?"

"பள்ளம் மட்டும் எப்பிடி வாங்கன?"

"அது வீட்டுக்கு ஒரு பங்கு."

"ஓகோ. சம்மட்டி புடிக்க நான் வீடு. கை தூக்க நான் ஆளில்ல?"

பெஞ்சிலிருந்த வேணு சிரித்தான். "மருமவன வரச் சொல்லு யக்கா. அவன் தூக்கட்டும், எண்ணிக்கலாம்."

"அவனா? செங்கத்துல சைக்கிள் கடையில குந்திக்கினு கீறான். இங்க ஒரு கூடை மண்ணு வாரல. அவன் கை கை, என் கை இன்னா வெறகா? எலெக்சன்ல என் வெரல்ல மை வெச்சானே, தலைக்கட்டானு கேட்டா வெச்சான்?"

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். "நீயாவது வாயத் தொறயேன்."

இருசப்பன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினான். "வழக்கம் அண்ணி... நாம இன்னா பண்றது."

பாஞ்சாலை எழுந்து போனாள். வீட்டிலிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகத் தன் பங்குப் பள்ளத்துக்குப் போனாள். கரையில் ஒதுக்கி வைத்திருந்த பெரிய பாறைத் துண்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். தோளில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. மறுபடியும் நெம்பினாள். பாறை உருண்டு பள்ளத்தில் போய் இறுகிக்கொண்டது.

கண்ணாயிரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "பைத்தியமா புடிச்சிருக்கு? பொதுப் பள்ளம்டி அது!"

"என் பங்கு இது. கணக்குல இல்லாத வூட்டுது எப்பிடி பொதுவாவும்?"

"அண்ணி, கீழண்டைக்கும் சேத்து மூடிட்டியே" என்றான் இருசப்பன்.

"கீழண்டைக்கு எங்கடா இருந்திச்சு? அங்க வாய மூடிக்கினு நின்ன இல்ல? இங்கயும் மூடிக்கினு நில்லு."

மேலண்டைக்காரர்களுக்குக் கல் வேலை தெரியாது. நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. கூலி தருவதாகக் கண்ணாயிரம் கீழண்டை ஆட்களைக் கூப்பிட்டார். தங்களுக்கு இல்லாத குழாய்க்கு ஒருவனும் வரவில்லை. "எனக்கும் தோள்பட்டை வலிக்குது" என்று சொல்லி இருசப்பன் பீடி பற்ற வைத்துக்கொண்டான்.

கடைசியில் கண்ணாயிரம் அவள் வாசலுக்கே வந்தார். "பாறையை ஒட. உன் பங்கு மொத்தத்துக்கும் கூலி போட்டுத் தரேன்."

"கூலிக்கு வெட்டல. மறுபடி கூட்டம் போடு. என் கைய எண்ணு. எண்ணி நான் தோத்தா அன்னிக்கே ஒடைக்கிறேன்."

"ஒருத்திக்காக வழக்கத்த மாத்த முடியுமா?"

"அப்ப பாறை அங்கயே கெடக்கட்டும்."

பௌர்ணமி வந்தது. பாதையோரம் அடுக்கிய பைப்புகள்மேல் மலை சுற்றுகிறவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனார்கள். மகளை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, பாஞ்சாலை இடது இடுப்பில் குடத்தோடு பம்புசெட்டுக்கு நடந்தாள். வலது கை இன்னும் மேலே எழும்பவில்லை.

அந்தத் தெரு அவளுக்கு ஒரு ஓட்டு பாக்கி வைத்திருந்தது.