நின்றபடி ஊட்டிய சோறு

"இந்த அக்கா எப்பம்மா உக்காருவாங்க?"

தாத்தாவைப் பார்க்க வந்த ஒரு சிறுமி போன வருஷம் கேட்ட கேள்வி இது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில், பணிப்பெண் பூமாலை கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அவள் அம்மா சிரித்தாள். பணியாளர்களுக்குப் பொறுப்பாக இருந்த நர்ஸ் இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி ஜெயப்பிரகாஷை நச்சரித்து, கட்டிலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட வைத்தாள்.

அந்த நாற்காலிகள் நிலைக்கவில்லை. சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் இளஞ்செழியன், வாதம் வந்த தன் அப்பா மாயவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். பூமாலையின் அம்மா அந்தக் குடும்பத்து வயலில் நடவு நட்டவள். பூமாலை நாற்காலியில் உட்கார்ந்து கிழவருக்கு ஊட்டுவதைப் பார்த்ததும் இளஞ்செழியனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சார் இது, எங்கப்பாவுக்குச் சமமா குந்திக்கினு? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

முதலாளி பணிந்தார். இசைவாணி சண்டை போட்டாள். கடைசியில் அவளும் பணிந்தாள். நாற்காலிகளை அடுக்கித் தன் கையாலேயே ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்தாள். "அப்போ கட்டில் ஓரமா உக்காந்து ஊட்டுங்கக்கா" என்று பூமாலையிடம் சொன்னாள்.

"ஐயா கட்டில்ல நான் எப்படி சிஸ்டர் குந்தறது? ஒடம்பே கூசுது."

அதனால் பூமாலை நின்றபடியே ஊட்டினாள். சனிக்கிழமை மத்தியானம் மாயவனுக்குப் புரையேறியது. கண் மேலே செருகி, உதடு கருத்துவிட்டது. பூமாலை அவரை முன்னால் சாய்த்து, முதுகில் தட்டி, வாயில் தெரிந்த சோற்று உருண்டையை விரல் விட்டு எடுத்தாள். பல்லைக் கிட்டித்த கிழவர் அந்த விரலைக் கடித்துவிட்டார். ரத்தம் கொட்டியது. மூச்சு திரும்பியது.

சாயங்காலம் இளஞ்செழியன் முதலாளியின் அறையில் உட்கார்ந்து கத்தினார்.

"கொல்லப் பாத்துட்டா! இவள இப்பவே அனுப்பணும் சார்."

கட்டுப்போட்ட விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு பூமாலை கதவோரம் நின்றாள். வீட்டுக்காரன் இல்லாத அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான்.

"ஏன் நின்னுக்கினு ஊட்டுன?" என்றார் முதலாளி.

நாற்காலியை சிஸ்டர்தான் எடுத்தாங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் இசைவாணியை ஒருமுறை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதாங்க."

அதைக் கேட்டதும் இசைவாணி முன்னால் வந்தாள். மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து இளஞ்செழியனின் கையில் திணித்தாள். தன் முகம் அவர் தலைக்கு மேலே வருகிற மாதிரி நெருங்கி நின்றாள்.

"குடிங்க."

"இன்னாங்க சிஸ்டர் இது?"

"என் மூஞ்சியப் பாத்துக்கினே குடிங்க. கண்ண எடுக்கக் கூடாது."

அவள் பார்வைக்குப் பயந்து அவர் அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். தண்ணீர் எங்கோ மாறிப் போனது. இருமல் வெடித்து, மூக்கில் வழிந்து, சட்டையெல்லாம் நனைந்தது.

"உங்களுக்கு வாதம் இல்ல. உங்களாலேயே முழுங்க முடியல. நிக்கறவ கையில சாப்புடறவரு அண்ணாந்துதான ஆவணும்? அதுக்குத்தான் நாற்காலி. அத நீங்க எடுக்கச் சொன்னீங்க, சார் தலையாட்டுனாரு, நான் எடுத்துக்கினு போயி வெச்சேன். இந்தக்கா வெரல் மட்டும் உள்ள போவலன்னா, இந்நேரம் உங்கப்பாவுக்குப் பால் ஊத்திக்கினு இருப்பீங்க!"

"சிஸ்டர், கொஞ்சம் மெதுவா..." என்றார் ஜெயப்பிரகாஷ்.

"மெதுவாப் பேசித்தான் சார் இங்க வந்து நிக்கறோம். யாரையாவது அனுப்பணும்னா நாற்காலிய எடுத்தவள அனுப்புங்க. பூமாலக்கா போனா நானும் போறேன். நாளைக்கு இவங்கப்பாவுக்கு யாரு பீத்துணி மாத்தறதுன்னு இவரையே கேளுங்க."

இளஞ்செழியன் கைக்குட்டையைத் தேடினார். ஜெயப்பிரகாஷ், "நாக்காலியெல்லாம் எடுத்துப் போடச் சொல்லுங்க. யாரும் போவ வேணாம்" என்றார்.

இருட்டுவதற்குள் நாற்காலிகள் கட்டிலோரம் வந்தன. மற்றப் பெண்கள் இசைவாணியைச் சுற்றி நின்று, "செம்மையா குடுத்தீங்க சிஸ்டர்!" என்று குதித்தார்கள்.

ஆனால் வீட்டில் விளக்கேற்றி நின்றபோது அவளால் கும்பிட முடியவில்லை. அந்த இரண்டு பேரையும் கேட்டுவிட்டாள், சரி. தலையைக் குனிந்துகொண்டவளுக்கு என்ன செய்தாள்? ஊரறியக் கத்தியது நியாயம்; நியாயத்தைச் செய்வது அவள் வேலை. பூமாலை தன் பிழைப்பையே பணயம் வைத்துக் காட்டிய கருணைக்கு அது ஈடாகுமா? ஆண்டவன் தன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, நியாயத்தோடு கொஞ்சம் கருணையும், அதை யாருக்கும் தெரியாமல் செய்வதும்தான் என்று தோன்றியது.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு வந்தாள். பின்பக்கத் தொட்டியில், இரவு அசுத்தமான விரிப்புகள் குவிந்து கிடந்தன. மெஷினில் போடுவதற்கு முன் அவற்றைக் கையால் அலசியாக வேண்டும். முதல் பஸ்ஸில் வருகிற பூமாலையின் வேலை அது. கடிபட்ட விரல் சலவைச் சோடாத் தண்ணீரில் எப்படி எரியும் என்று நர்ஸுக்குத் தெரியாதா?

இசைவாணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். மலையிலிருந்து இறங்கிய குளிரில், தண்ணீர் பட்ட கை விறைத்தது. நாற்றம் குமட்டியது. ஒவ்வொன்றாக அலசி, பிழிந்து, மெஷினுக்குள் போட்டாள். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. செருகிய புடவையை இறக்கிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுற்றிப் போய், அப்போதுதான் வேலைக்கு வருகிறவளைப் போல முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள்.