டொமினி சாப்பிடவில்லை

கறுப்பு உடையின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, தெல்மா கண்ணாடித் தொட்டிக்குள் சுவர்க்கோழிப் பூச்சிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். வாசலில் சவ வண்டி பின்பக்கமாக வந்து நின்றது.

"அவனைக் கொண்டு வந்துட்டாங்க. நீ இன்னும் அந்தப் பூச்சியோட மல்லுக்கட்டிட்டு இருக்கே."

குரல் எட்வினாவுடையது. தெல்மாவின் செத்துப்போன புருஷன் நெவிலின் அக்கா. வலை வைத்த கறுப்புத் தொப்பியும் கையுறையுமாகக் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி. உள்ளயே விட்டா இதுங்க அதைக் கடிச்சுடும்."

"பூச்சி பல்லியைக் கடிக்குமா? நல்ல கூத்து."

கடிக்கும். பல்லி தின்னாமல் கிடந்தால் பூச்சி அதைத் தின்னப் பார்க்கும். நெவில் சொல்லிக்கொடுத்தது அது. கடைசிப் பூச்சி பல்லியின் இமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தெல்மா அதை இரண்டு விரலால் நசுக்கி எடுத்தாள்.

மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் போட்ட சிறுத்தைப் பல்லி. பெயர் டொமினி. கோயில் பாதிரியாரை ஊரார் மரியாதையாகக் கூப்பிடும் அதே சொல். ஒவ்வொரு புழுவை விழுங்கிய பிறகும் அது கண்ணை மூடித் தலையை நிமிர்த்தும். "பாரு, ஸ்தோத்திரம் சொல்லுது" என்பான் நெவில். ஒருமுறை அவன் படுக்கையிலிருந்து, "டொமினி சாப்பிட்டாச்சா?" என்று கத்த, அந்த நேரம் பார்த்து வந்திருந்த பாதிரியார், "இப்பதான் வீட்ல சாப்பிட்டேன் தம்பி" என்றார். நெவிலுக்குச் சிரிப்பு இருமலாகி, அடங்க வெகு நேரம் பிடித்தது.

இப்போது டொமினி சாப்பிடவில்லை. கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் தடித்த வால் சூம்பிப் போயிருந்தது. புழுவை மூக்கருகே ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சவப்பெட்டியை வைக்க ஹாலில் இடம் வேண்டும். தெல்மா தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். அப்போதுதான் முன்கையில் உறைத்தது. அடிப்பாகம் ஜில்லென்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த சூட்டுப் பாயின் வயர், எதிலும் சொருகப்படாமல், அவள் முழங்காலில் இடித்துக்கொண்டு தொங்கியது.

தொட்டியைப் படுக்கையறையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவர்கள் குடியிருந்த மிட்செல்ஸ் ப்ளெய்ன் முழுக்க அந்தக் குளிர்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. இன்வெர்ட்டரில் வேலை செய்கிற ப்ளக் ஒன்றே ஒன்றுதான். முதலில் அதில் பல்லியின் சூட்டுப் பாய் இருந்தது. நெவிலின் நுரையீரல் மோசமானதும், அதைப் பிடுங்கிவிட்டு ஆக்சிஜன் மிஷினைச் சொருகியது தெல்மாதான். "என் மூச்சுக்காக அதோட சூட்டைப் பிடுங்கிட்டியே தெல்" என்று சிரித்தான். "நான் போன பிறகாவது திருப்பிக் கொடுத்துடு. அதைச் சாக விட்றாதே."

அவன் போனான். மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ப்ளக் காலியாகவே இருந்தது. வீடு முழுக்க ஆட்கள். அவள் மறந்துவிட்டாள்.

ஹாலில் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. தெல்மா கதவைச் சாத்திவிட்டு, பல்லியை விற்ற ரியாஸுக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட மாட்டேங்குது ரியாஸ்."

"அடி சூடா இருக்கா ஆன்ட்டி?"

"இல்ல. ப்ளக் பிடுங்கியிருக்கு. ரொம்ப நாளா."

"அப்புறம் எப்படிச் சாப்பிடும்? சூடு இல்லாம அதுக்குச் செரிக்காது. உள்ள போனது உள்ளயே அழுகும். அதுக்கே தெரியும். அதான் வாயை மூடிக்கிட்டு கிடக்கு."

"எல்லாரும் துக்கம்னு சொல்றாங்க."

"ஆன்ட்டி, அது பல்லி. மனசுல வெச்சுக்காதீங்க. நெவில் அங்கிள் விஷயம் கேள்விப்பட்டேன். முதல்ல சூடு காட்டுங்க. சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கலாம். யாராவது வாயைப் பிளந்து திணிச்சுடப் போறாங்க, பார்த்துக்கோங்க."

ப்ளக்கைச் சொருகினாள். கை வைத்துப் பார்ப்பதற்குள் கரண்ட் போனது. ஆட்கள் வருகிறார்களே என்று காலையிலிருந்து எரியவிட்ட விளக்குகளில் இன்வெர்ட்டரும் எப்போதோ படுத்துவிட்டிருந்தது. சமையலறைக்குப் போய் காஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, ரப்பர் பையில் நிரப்பி, துணி சுற்றித் தொட்டிக்கு அடியில் தள்ளினாள்.

ஹாலில் எட்வினா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவன் கண்ணை மூடினதிலேர்ந்து அந்த ஜீவன் வாயைத் திறக்கல. பல்லிக்கு இருக்கிற பாசம்கூடச் சில பேருக்கு இல்ல." பார்வை தெல்மாவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "என் தம்பி எலும்பாக் கிடந்தான். ஒரு வாய் கொடுக்க விடல. நர்ஸ் வேணாம்னாளாம், ஸ்பாஞ்சை நனைச்சு உதட்டைத் துடைக்கணுமாம். அவன் என்ன ஜன்னலா, துடைக்கிறதுக்கு?"

யாரோ சிரித்து, பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"கடைசி நாள் நான்தான் வந்தேன். தக்காளி ப்ரீடி கொண்டாந்தேன், எங்கம்மா செய்யற மாதிரி ஆட்டுக்கறி குழைய வேகவெச்சு. என் கையால தின்னான். ஒரு கிண்ணம். பசியோட போகல என் தம்பி."

பக்கத்து வீட்டு ஜாஃப்தா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தெல்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஈரமில்லை.

தெல்மா கோப்பைகளை அடுக்கினாள்.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் அவள் காஸ் சிலிண்டர் மாற்றக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அறையில் மெழுகுவத்தி எரிந்தது. எட்வினா காலிக் கிண்ணத்தைக் காட்டினாள். நெவிலின் தாடையில் சிவப்பாகக் குழம்பு வழிந்திருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம். "சளி இளகுது. இனிமே தேறிடுவான்" என்றாள் எட்வினா.

நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: விழுங்குகிற சக்தி போய்விட்டது. இனிக் கொடுப்பது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். நெவிலுக்கும் அது தெரியும். ஆனால் அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தது எட்வினா. அவள் கரண்டியை நீட்டினால் அவன் வாயைத் திறப்பான். வாழ்நாள் முழுக்கத் திறந்திருக்கிறான்.

விடியும்போது போய்விட்டான்.

நர்ஸ் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்து, "ஏதாவது கொடுத்தீங்களா?" என்றாள். எட்வினா உடை மாற்ற அவள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"இல்ல" என்றாள் தெல்மா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் முதல், எட்வினா சொல்லிச் சொல்லி, தெரு முழுக்க தெல்மா புருஷனைப் பட்டினி போட்டவள்.

பெட்டியைக் கோயிலில் கொண்டுபோய் வைத்த பிறகு எட்வினா பேச எழுந்தாள். அதே கதைதான். ஒலிபெருக்கி இல்லாததால் இன்னும் உரக்கச் சொன்னாள். பாதிரியார் அதைப் பிடித்துக்கொண்டு, வாயில்லா ஜீவனும் உபவாசமிருந்து துக்கம் காக்கிறது என்று பிரசங்கத்தில் சேர்த்தார். முன் வரிசையில் தெல்மாவுக்கு இருபக்கமும் இடம் காலியாகவே இருந்தது.

மழையில் புதைத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் கரண்ட் வந்து, மறுபடி போயிருந்தது. இரண்டு அண்டா சாப்பாடு எட்வினா வீட்டிலிருந்து வந்து இறங்கியது. தட்டுகள் நகர்ந்தன. ஆட்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள்.

தெல்மா மாற்றி வைக்க இன்னொரு வெந்நீர்ப் பையை நிரப்பி எடுத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

எட்வினா கையுறையைக் கழற்றியிருந்தாள். இடது உள்ளங்கைக்குள் டொமினி. கட்டை விரல் அதன் கழுத்தில். வலது கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதன் முனையைப் பல்லியின் உதட்டில் வைத்து நெம்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஜாஃப்தா அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். ஒருத்தியின் கையில் புழு டப்பா.

"என் கையால திங்கும் பாரு. என் வீட்டுக்குக் கொண்டு போகப் போறேன் இதை" என்றாள் எட்வினா.

"விடுங்க அண்ணி."

"எதுக்கு? இதையும் பட்டினி போட்டுக் கொல்லவா?"

புழு டப்பாவை வைத்திருந்தவள் தரையைப் பார்த்தாள்.

"அதுக்கு வயித்துல சூடு இல்ல. ப்ளக்கைச் சொருக மறந்தது நான்தான். இப்ப திணிச்சா உள்ள அழுகிச் செத்துடும்."

"யார் சொன்னா?"

"கடைக்காரப் பையன்."

"அன்னைக்கு நர்ஸ். இன்னைக்குக் கடைக்காரன். உனக்குன்னு ஒரு மனசு கிடையாதா?" எட்வினா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அவனுக்கும் இதேதான் சொன்னா. கொடுக்காதே, உள்ள போனா ஆபத்துன்னா. கேக்கறேன் தெல்மா, நீயே சொல்லு. என் தம்பி தின்னானா இல்லையா?"

"தின்னார்."

"அப்புறம்?"

தெல்மா அவளைப் பார்த்தாள்.

வெளியே மழை தகரக் கூரையில் அடித்தது. ஹாலில் யாரோ கரண்டி கேட்டார்கள்.

கேலியாக எறிந்த அந்தக் கேள்விக்குப் பதில் வராமல், எட்வினா காத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் உதடு அதே சொல்லை இன்னொரு தடவை, சத்தமில்லாமல், சொல்லிப் பார்த்தது. சாயங்காலம் கிண்ணம். விடியற்காலை சாவு. நடுவில் நெஞ்சுக்குள் கொதித்த அந்தச் சத்தம். பிளாஸ்டிக் அட்டை அவள் கையிலிருந்து போர்வைமேல் விழுந்தது.

கட்டை விரல் தளர்ந்தது. தெல்மா கையை நீட்டி டொமினியை வாங்கிக்கொண்டாள்.

"என்னாச்சு எட்வினா?" என்றாள் ஜாஃப்தா அம்மா.

"ஒண்ணுமில்ல. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

மூவரும் போனார்கள். எட்வினா குரலைத் தாழ்த்தினாள்.

"நர்ஸ் கேட்டாளா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எதுவும் கொடுக்கலைன்னு."

எட்வினா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள். தெல்மா முதுகைக் காட்டித் தொட்டிக்கு அடியில் புதுப் பையைத் தள்ளி, துணியைச் சரிசெய்து, தொட்டிக்குள் அதற்கு நேர் மேலே பல்லியை விட்டாள். அது நாலு காலையும் பரப்பி, சூட்டின்மேல் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டது. புழு எதுவும் போடவில்லை. திரும்பியபோது அறையில் எட்வினா இல்லை.

கரண்ட் வந்தது. ஹாலில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பேச்சு மறுபடி உயர்ந்தது. தெல்மா முதல் வேலையாக ப்ளக்கைச் சொருகிவிட்டு, டீ ஜாடியை எடுத்துக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள்.

எட்வினா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. ஜாஃப்தா அம்மா அதில் இன்னொரு கரண்டி ப்ரீடி போட்டாள்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல நீ. ஒரு வாயாவது வை. தெல்மா, நீ சொல்லேன்."

தெல்மா நின்றாள். எட்வினா நிமிர்ந்து பார்த்தாள்.

சோற்றைச் சுற்றி ஓடிய சிவப்புக் குழம்பின் ஓரத்தில், ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக உறைந்துகொண்டு வந்தது.

தெல்மா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து, டீ ஊற்றினாள்.