டிக்கிக்குள் ஒரு கோணல் கோடு

பல் டாக்டர் ஹால்வர்சன் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது, கையில் ஒரு புகைப்படத்தை எக்ஸ்ரே படம்போல வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"மேடம், எழுபதாம் வருஷம் இந்த ஊர் கார் ஆலையில ரெண்டாவது ஷிப்ட்ல இருந்தீங்களா?"

"இருந்தேன். ஏன், ஏதாவது திருடு போச்சா? இவ்வளவு நாள் கழிச்சுத் தேடி வந்திருக்கீங்க?"

படத்தில் இருந்தது ஒரு தண்டர்ஹெட் காரின் டிக்கி. எங்கள் ஆலையில் செய்த வண்டிதான். டிக்கியில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க, விரலால் பசையை அழுத்தித் தேய்ப்போம். முப்பத்தொரு வருடம் என் வேலை அதுதான். படத்தில் அந்தப் பசை மண்புழு மாதிரி நெளிந்து போயிருந்தது.

டாக்டர் பதினோரு வருடமாக அதே மாதிரி ஒரு வண்டியைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறாராம். பழையபடி ஆக்குவதற்கு முதல் வேலையாக, பழையது எல்லாவற்றையும் மணலை அடித்துச் சுரண்டி எடுத்துவிட்டார். பசையும் போனது; புதுப் பசையை நேராகப் பூசிவிட்டார். அதற்குப் பிறகுதான் பழைய கார் சங்கத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார். டிக்கிப் பசை கோணலாக இருக்க வேண்டும் என்று அதில் இந்தப் படத்தோடு போட்டிருக்கிறது.

"போன தடவை கண்காட்சியில நேரா இருக்குன்னு ஒரு மார்க்கைக் குறைச்சுட்டாங்க மேடம். அந்த ஒரு மார்க்குல தங்கச் சான்றிதழ் போச்சு." கண் கலங்கிவிட்டது அவருக்கு. புருஷனைப் புதைத்தவள் நான். பசைக்காக ஒருவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உங்க கையாலயே கோணலாப் போட்டுத் தரணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க நேராத்தான் போடுவோம், டாக்டரே. ஃபோர்மேன் வரிசையை வேகமா ஓடவிட்ட அன்னைக்கு எப்பவாவது ஒண்ணு இப்படி இழுத்துக்கிட்டுப் போகும். அதுக்கும் எங்களைத்தான் திட்டுவான். அந்த ஒண்ணைப் பார்த்தா புத்தகம் எழுதினாங்க?"

எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். பணம் வேண்டாம் என்றேன். எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய அந்த வண்டியில் ஒரு நாள்கூட நான் ஏறிப் போனதில்லை. ஷிப்ட் முடிந்தால் பஸ்தான். சாவதற்குள் ஒரு தடவை போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

"அதுல என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும்."

டாக்டர் புகைப்படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவரே அதை ஓட்டியதில்லை. டிரெய்லரில் ஏற்றவும் இறக்கவும் மட்டுமே அது ஓடியிருக்கிறது. ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் மார்க் போகும்.

"தங்கம் கிடைச்சா, அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்," என்றார் கடைசியில்.

அவருடைய ஷெட் என் சமையலறையைவிடச் சுத்தமாக இருந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னார். எழுபதில் பெயிண்ட் எங்கெங்கே வழிந்ததோ, அங்கங்கே சொட்டுக் குழாயால் வழியவிட்டிருந்தார். எவனோ ஒரு தொழிலாளி சாக்கட்டியால் கிறுக்கிய எண்ணை அதே கையெழுத்தில் எழுத ஆறு மாதம் பழகினாராம்.

பசையைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்தேன். நேராக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். நேர். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதும் நேர்தான்.

"மேடம், கொஞ்சம் மனசு வைங்க. அலட்சியமாப் போடுங்க."

"வரமாட்டேங்குதே தம்பி."

கடைசியில் இடது கையால் போட்டேன். அசல் மண்புழு. டாக்டர் கைதட்டினார்.

ஆகஸ்டில் டெட்ராய்ட்டுக்கு வெளியே ஒரு மைதானத்தில் கண்காட்சி நடந்தது. நடுவில் ஒரு கயிறு. இந்தப் பக்கம் அசல் வண்டிகள். அந்தப் பக்கம், வேறு எஞ்சினும் வேறு நிறமும் போட்டு இஷ்டத்துக்கு மாற்றியவர்கள். அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் இந்தப் பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தலைமை நடுவர் மோசர் வெள்ளைக் கையுறையும் டார்ச்சுமாக வந்து டிக்கிக்குள் தலையை விட்டார். நாலு நிமிடம் தலை வெளியே வரவில்லை. வந்ததும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அற்புதம்! அந்தக் காலத்து ஆளுங்க எவ்வளவு அலட்சியமா வேலை பார்த்தாங்களோ, அப்படியே இருக்கு!"

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போட்டவங்களே இதோ நிக்கிறாங்க!" என்று என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். "அன்னைக்கு எத்தனை பீர் அடிச்சீங்க, பாட்டி?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகமாக வலித்தது. வாயை மூடிக்கொண்டு நானும் சிரித்திருந்தால் அரை மணியில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த லுவெல்லாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. பசை மருந்து பட்டுப் பட்டுத் தோல் உரிந்த விரல்கள். சிரிப்பு வரவில்லை.

"இது போன மாசம் இடது கையால போட்டது. இவர் கெஞ்சினதாலதான் போட்டேன். ஆலையில நாங்க போட்டது நேரா இருக்கும்," என்றேன்.

மோசர் பொறுமையாகச் சிரித்தார். "மேடம், புத்தகத்துல கோணல்னுதான் இருக்கு."

"எழுதினவரு எங்க வரிசையில நின்னாரா?"

"அவரு இருநூறு வண்டியை ஆராய்ஞ்சவரு."

"நான் ஒரு ஷிப்ட்டுக்கு நானூறு வண்டி பார்த்தேன் சார்."

அவர் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து, 'பசை சமீபத்தியது' என்று எழுதி ஒரு மார்க்கைக் குறைத்தார். கோணலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தங்கம் போனது.

டாக்டர் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கக் கூடாதா மேடம்?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. வண்டியில் ஏறுவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

தாகமாக இருந்தது. எலுமிச்சை ஜூஸ் கடை கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் குனிந்து தாண்டினேன். அங்கே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தண்டர்ஹெட் நின்றது. அதன் சொந்தக்காரன் லாமார் என்ற முப்பது வயதுக்காரன். சத்தம் அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது.

"அம்மா, நீங்கதானா அந்தப் பசை போட்டவங்க? ஒரு நிமிஷம் இங்க வாங்க."

டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினான். அடியில் சாம்பல் நிறப் பசைக்கோடு, நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது.

"எஞ்சின், சீட்டு, பிரேக்னு எல்லாத்தையும் மாத்திட்டேன். இதை மட்டும் தொடல. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. அப்புறம் எதுக்குத் தொடணும்?"

விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உங்க கையாம்மா?"

சத்தியம் செய்ய முடியாது. அந்த ஷிப்டில் நாங்கள் ஆறு பெண்கள். "எங்க கை," என்றேன்.

அப்போது தூறல் விழுந்தது. அசல் வண்டிகள் நின்ற பக்கம் ஒரே அலறல். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரும் மோசரும் மற்றவர்களும் பிள்ளையைத் தொலைத்தவர்கள்போல ஓடினார்கள். லாமார் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்கம்மா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

"மழையில நனையுமேடா!"

"நனையட்டும்மா. கார்தானே?"

மைதானத்தைத் தாண்டியதும் மழை வலுத்தது. ஜன்னலை ஏற்றச் சொன்னான். மாட்டேன் என்றேன்.