மூன்று வரிசை போதும்

மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் லீக் பெரியவர்களுக்கு ஐஸ் ஹாக்கி மந்தமாகத் தெரிந்ததாம். மும்மூன்று பேராக மாறி மாறி இறங்கும் முன்வரிசைகள் அணிக்கு நான்கு எதற்கு, மூன்று போதுமே என்று யோசனை. ஆள் குறைந்தால் களைப்பு கூடும், களைத்தவன் தப்பு செய்வான், கோல் மழை கொட்டும். அந்த மழை யார் குடியைக் கெடுக்கும் என்பதை மட்டும் அவர்கள் பேசவில்லை.

ரெமி பெர்தியோம் ஒன்பது பருவங்களாக கனடாவின் இந்த சஸ்காட்சுவான் அணியின் நான்காவது வரிசையில் நடு ஆள். வயது முப்பத்தாறு. முழங்கால் இரண்டும் தேய்ந்து, படியிறங்கவே அலுப்பு. வேறு வேலையும் தெரியாது.

ஞாயிறு மதியம் மூன்றே வரிசையோடு சோதனை ஆட்டம். உடைமாற்றும் அறையில் அவனுடைய கொக்கியில் ஆட்டச் சட்டை தொங்கவில்லை. பயிற்சியாளர் ஹால்வர்சன் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"மேல உக்காந்து பாரு ரெமி. இது தேறுமா தேறாதான்னு நாளைக்கு நான் லீகுக்கு எழுதணும். நீ சொல்றதத்தான் எழுதுவேன்."

"என்னையா கேக்குறீங்க? என் சோறு போற விஷயம் கோச்."

"தெரியும். ஆனா நீ பொய் சொல்லி நான் பாத்ததில்ல."

கோட்டு சூட்டோடு ரெமி மேலே போய், அதே வரிசையில் இடப்பக்கம் ஆடும் வெய்ன் ஓஸ்டப்சுக் பக்கத்தில் உட்கார்ந்தான். வெய்ன் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வரிசையும் முக்கால் நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்பும், அடுத்தது குதிக்கும். மூன்றாவது வரிசை திரும்பியது. முதல் வரிசைதான் குதிக்க வேண்டும். அவர்களோ சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றுக்கு அப்புறம் நான்கு என்றே உடம்பு பழகியிருந்தது. பனித்தளத்தில் தடுப்பாளர்கள் இருவரும் கோல் காவலரும் மட்டும். எதிரணி நிதானமாகக் கோல் போட்டது.

ரெமி எழுந்து நின்றிருந்தான். கை முன்கம்பியைப் பிடித்திருந்தது, ஒரு கால் தூக்கியிருந்தது.

"உக்காரு பெருசு! கோட்டோட எங்க குதிக்கப் போற?" வெய்ன் சிரித்தான்.

"பாத்தியாடா? நாம இல்லாம பத்து நிமிஷம் தாங்கல."

ரெமிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொந்த அணி கோல் வாங்கியதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஆளுக்கு ஆள் இடைவெளி விழுந்தது, அதில் புகுந்து புகுந்து ஆடினார்கள். பீர் வாங்கக் கிளம்பியவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். ரெமி குறை தேடித் தேடி அலுத்துப்போனான். இப்படி ஓர் ஆட்டத்தை அவன் ஒன்பது வருடத்தில் ஆடியதில்லை.

மூன்றாவது வரிசை மறுபடி திரும்பியது. அவர்கள் பெஞ்சைத் தொடுவதற்குள் முதல் வரிசை தடுப்பைத் தாண்டிக் குதித்தது. ஒருவரும் தாமதிக்கவில்லை.

ரெமி எழுந்து நின்றிருந்தான். வெய்ன் இந்த முறை சிரிக்கவில்லை, அவன் கோட்டு நுனியைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஹால்வர்சன் நடைவழியில் காத்திருந்தார். "சொல்லு. ஆள் பத்தாம அந்த கோல வாங்கினோம்னு எழுதிடட்டுமா?"

ரெமி சுவரில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"வேணாம் கோச். அது பழக்கதோஷம். நல்ல ஆட்டம்னே எழுதுங்க."

"பழக்கதோஷம் போகுமா?"

"அவனுங்களுக்கு ஒரே மதியத்துல போயிடுச்சு. எனக்குத்தான் போகல."