வெள்ளிக்கிழமை ஜாடி

அம்ப்ருஷின் மானத்துக்கு விலை, வாரம் இரண்டு லிட்டர் கதர்கா ஒயின். அந்த விலைக்கு அது போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். தன் நிலவறை வாசலை ஒட்டிய சரிவில் திராட்சை இலை கிள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவன் மனைவி எதெல்கா சால்வைக்குள் ஒரு ஜாடியை மறைத்துக்கொண்டு, பக்கத்துத் தோட்டக்காரன் கெதியோனின் நிலவறைக்குள் நுழைந்தாள். கெதியோன் மனைவியை இழந்தவன். மீசை இன்னும் கறுப்பு.

போதாததற்குக் கெதியோன் போடுவது கதர்கா வேறு. மெல்லிய தோல், நாலு நாள் மழைக்கே அழுகிவிடும் திராட்சை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அம்ப்ருஷ் இரண்டு வரிசை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வேரோடு பிடுங்கினான். எதெல்கா வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவன் பீப்பாய்களில் பிகாவேர்தான்: நாலைந்து வகைத் திராட்சை கலந்த, காளை ரத்தம் என்று பேர் வாங்கிய கருஞ்சிவப்பு ஒயின். அவன் மேசையில் அடுத்தவன் ஒயின் ஏறியதில்லை. மானுக்கும் அதுதான், மீனுக்கும் அதுதான். பால்கஞ்சி வைத்தாலும் அதுதான் என்பான்.

கனத்த ஜாடியோடு எதெல்கா வெளியே வந்தாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைத் தன் வீட்டில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவனுக்கு நினைவு வரவில்லை.

அவள் தலை மறைந்ததும் உள்ளே போனான். கெதியோன் மான்கறி கிளறிக்கொண்டிருந்தான்.

"எம் பொண்டாட்டிக்கு இங்க என்னய்யா வேலை?"

"கொடுக்கல் வாங்கல்தான். உக்காரு, சாப்ட்டியா?"

கரண்டியால் பீப்பாயின் முகப்பைக் காட்டினான். இடப்பக்கமும் வலப்பக்கமும் சாக்பீஸ் கோடுகள், ஜாடிக்கு ஒன்று. இடது, எதெல்கா கொண்டுபோன கதர்கா. வலது, அவள் கொண்டுவந்த பிகாவேர். தன் கதர்கா மான்கறிக்கு முன்னால் தண்ணீராகிவிடும், அதற்கு அம்ப்ருஷின் ஒயின்தான் ஈடு கொடுக்கும் என்று கெதியோன் கூசாமல் ஒப்புக்கொண்டான். அதையே மீன்குழம்போடு குடித்தால் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறதாம். அது எதெல்கா சொன்னது.

"பொய். வெள்ளிக்கிழமை மீன்குழம்புக்கு நான் எம்பட ஒயினைத்தான் குடிக்கிறேன்."

"கண்ணாடி டம்ளர்லயா, மண் குவளையிலயா?"

ஈஸ்டர் முடிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எதெல்கா மண் குவளையில்தான் ஊற்றித் தருகிறாள். நிறம் தெரியாது. மிளகாய்க் காரத்தில் நாக்கும் பாதி செத்துக் கிடக்கும். கெதியோனின் கதர்காவைக் குடித்துவிட்டு, இந்தப் பீப்பாய் எப்படிப் பதமாகி வருது பாத்தியா என்று வாரம் தவறாமல் பீற்றிக்கொண்டது அவனேதான். கெதியோனின் கறுப்பு மீசைகூட அவனை இப்படிச் சுடவில்லை.

கோடுகளை எண்ணினான். மறுபடி எண்ணினான். இடது இருபத்துமூன்று, வலது இருபத்திரண்டு.

"ஒண்ணு இடிக்குதே. அதுக்கு என்ன குடுத்தா?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு நீ உன் நிலவறை வாசல்லயே நின்னுட்டியாம், வெறும் ஜாடியோட வந்தா. அதச் சொல்லித்தான் சிரிச்சோம்."

சிரிச்சோம். அம்ப்ருஷ் போய்த் தன் நல்ல பீப்பாயிலிருந்து இரண்டு லிட்டர் இறக்கிக் கொண்டுவந்து வைத்தான். சாக்பீஸை வாங்கி வலப்பக்கக் கோட்டைத் தானே போட்டான்.

அன்று மாலை மண் குவளை வந்தது. எப்படி இருக்கிறது என்று எதெல்கா வழக்கம்போல் கேட்டாள். ஒரு மிடறு விழுங்கி, பதமாயிருக்கு என்றான். அவள் தலையாட்டிவிட்டு மீன்முள்ளை ஒதுக்கினாள். சிரிக்கவில்லை.

ஜாடிக் கணக்கு இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று, நேர். சிரிப்பு ஒன்று மட்டும் கெதியோன் பக்கம் நிற்கிறது.